பல்லேடியம் இல்லாத வினை

கல்லூரி வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் ஜெரால்ட் பைக்கை ஓரம்கட்டிவிட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பிரின்சி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பத்தடி உயரத்தில் அவளுடைய முகம். கீழே, ‘உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கரிம வேதியியல் ஆய்வாளர்களில் ஒருவர், நம் கல்லூரியின் பெருமை, முனைவர் பிரின்சி எபினேசர்’ என்று தங்க நிற எழுத்து.

“இன்னா ப்ரின்சி, எலெக்சன்ல நிக்கிற மாதிரி கீது” என்று அவள் கணவன் ஜெரால்ட் சிரித்தான். குழாய் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்த களைப்போடு இருந்தவன், இறங்கிப்போய் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். பிரின்சிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது நல்ல வெட்கம். அன்றைக்கு அவள் மனதில் ஒரு களங்கமும் இல்லை.

கும்மிடிப்பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில் வயலை மூடிக் கட்டிய தனியார் கல்லூரி அது. அவளுடைய அப்பா எபினேசர் இளவயதில் அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் நின்றே ஓய்வு பெற்றார். காலனியில் முதன்முதலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் பிரின்சிதான். பட்டம் வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் அவளிடம் மாத்திரை கேட்டு வந்தார்கள். “நான் அந்த டாக்டர் இல்லக்கா” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு கட்டுரை. மருந்து செய்கிறவர்களுக்கு இரண்டு வளைய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை அடிக்கடி வரும். அதற்குப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். துளி போதும், ஆனால் தங்கத்தோடு போட்டி போடும் விலை. பிரின்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கல்லூரியின் ஆய்வகத்தில் பல்லேடியம் வாங்க வழியில்லை. ஒரு நாள், பல்லேடியம் போடாவிட்டால் வினை நடக்காது என்று காட்டுவதற்காகவே, வெறும் தண்ணீரிலும் சோடா உப்பிலும் அதை ஓடவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் இணைந்திருந்தது. நம்பாமல் திரும்பச் செய்தாள். திரும்பவும் வந்தது. மாணவர்களை விட்டுச் செய்யச் சொன்னாள். அவர்களுக்கும் வந்தது. எந்த உலோகமும் இல்லாமல், தண்ணீரில், இரண்டு வளையங்கள் கைகோத்துக்கொள்கின்றன என்று எழுதி அனுப்பினாள். நல்ல இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது.

ஓர் ஆய்வாளர் தன் கட்டுரையில் இன்னொருவரின் கட்டுரையைச் சுட்டிக்காட்டினால் அது ஒரு மேற்கோள். எத்தனை மேற்கோள் என்பதை வைத்துத்தான் ஆளின் மதிப்பு, துறையின் மதிப்பு, கல்லூரியின் மதிப்பு எல்லாம். அந்தக் கட்டுரைக்கு மட்டும் நானூறைத் தாண்டியது. அவள் எழுதிய மற்ற எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்தாலும் நாற்பது தேறாது. கல்லூரி முதல்வர் வெங்கடேசன் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அந்த எண்ணைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டுவார். பிரின்சியும் காலையில் காபி வைக்கும் முன் கைப்பேசியில் அதைப் பார்த்துவிடுவாள். ஏறியிருந்தால் அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக விழும்.

பேனர் கட்டிய அன்று மதியம் துறையில் கேக் வெட்டினார்கள். கையில் கேக் துண்டோடு நின்றபோது இஜாஸிடமிருந்து போன் வந்தது.

இஜாஸ் பழவேற்காட்டுப் பையன், அவளிடம் எம்.எஸ்ஸி. படித்தவன். அவளுடைய ஆய்வகத்திலேயே, அவளுடைய வினையையே செய்து புராஜெக்ட் முடித்தவன். சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே பல்லேடியத்துக்குக் கொட்டிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் மேடம் முறையில் உலோகமே வேண்டாம், நானே என் கையால் செய்திருக்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான்.

“மேடம், மூணு தடவ ஓட்டிட்டேன். ஒண்ணுமே வரல மேடம். போட்டது போட்டபடியே கீது.”

“தண்ணி எது போட்ட?”

“டிஸ்டில்டுதான் மேடம். பேப்பர்ல இன்னா இருக்குதோ அப்படியே பண்ணேன். சார் பக்கத்துல இருக்காரு, உங்ககிட்ட பேசணுமாம்.”

மேலாளர் சந்திரமோகன் போனை வாங்கினார். மரியாதையான குரல். “வணக்கம் மேடம். பெரிய ரியாக்டர்ல போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான். முறைல ஏதாவது விட்டுப்போச்சா?”

சுற்றிலும் ஆட்கள். யாரோ அவள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சி சொன்னாள்: “முறைல தப்பு ஒண்ணும் இல்ல சார். எத்தனையோ நாட்டுல எடுத்து எழுதியிருக்காங்க. இஜாஸ் நல்ல பையன்தான். கொஞ்சம் அவசரக்காரன். இங்கயும் அப்படித்தான்.”

இஜாஸ் அவசரக்காரன் அல்ல. வகுப்பிலேயே நிதானமானவன் அவன்தான்; மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடிய பிறகும் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவான். அது பிரின்சிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவளே அதை நம்பியும் விட்டாள். போனை வைத்துவிட்டு மீதிக் கேக்கைத் தின்றாள்.

சில மாதம் கழித்து ஒரு மாலை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இஜாஸைப் பார்த்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் வந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அது தெரிந்துதானோ என்னவோ, அவன் இரண்டடி தள்ளியே நின்றான்.

“நல்லா இருக்கீங்களா மேடம்?”

“இன்னாடா இது கோலம்?”

“இப்ப கழிவுத் தண்ணி பிளான்ட்ல போட்டிருக்காங்க மேடம். முறை சரியாத்தான் இருக்குன்னு அந்த வேலைய பெரிய ரியாக்டர்லயே ஓட்டுனோம். மொத்தமும் வீணாப்போச்சு.” அவன் யார் மேலும் குறை சொல்லவில்லை. ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, “என் கைதான் சரியில்ல போல” என்றான்.

பிரின்சி ஏதோ ஆறுதல் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது ரயில் ஏறிய பிறகு அவளுக்கே நினைவில்லை.

பேனருக்கு வந்த மரியாதையில் அவளுடைய ஆய்வகத்துக்கு அரசு நிதி ஒன்று கிடைத்தது. பழைய சாமான்களைத் தள்ளிவிட்டு எல்லாம் புதிதாக வாங்கினாள். ஸ்நேகா என்ற பெண் அவளிடம் பிஎச்.டி. சேர்ந்தாள். அதே வினையை வேறு மூலக்கூறுகளுக்கு விரிவாக்குவதுதான் ஸ்நேகாவின் வேலை. முதல் மாதம் முழுக்க அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

“மேடம், என் கைல என்னமோ தப்பு இருக்கு” என்று ஒரு சனிக்கிழமை காலை அவள் அழுதாள்.

அவசரப்படாமல் பண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள் பிரின்சி. ரப்பர் பூட்ஸ் போட்ட உருவம் கண்முன் வந்தது. “நீ போய் சாப்டு. நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு தானே வெள்ளைக் கோட் மாட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கும் வரவில்லை.

எது மாறியிருக்கிறது என்று யோசித்தாள். எல்லாமே மாறியிருந்தது. பழையதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். பழைய குடுவை போட்டாள், நடக்கவில்லை. பழைய உப்பு, நடக்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது காந்தக் குச்சி. குடுவைக்குள் கிடந்து சுழன்று கலக்கிக்கொண்டே இருக்கும், வெள்ளைப் பூச்சு போட்ட, மாத்திரை அளவு குச்சி. அலமாரிக் கோடியில் கிடந்த பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். சாயங்காலம் புற ஊதா விளக்கின் கீழே பார்த்தபோது, வளையங்கள் இணைந்ததைக் காட்டும் புள்ளி அழகாக வந்திருந்தது.

அந்த டப்பா அவள் பிஎச்.டி. முடித்துக் கிளம்பியபோது சென்னையில் வழிகாட்டிப் பேராசிரியர், ‘உங்க காலேஜ்ல ஒண்ணும் இருக்காது, எடுத்துட்டுப் போ’ என்று கொடுத்தது. அவருடைய ஆய்வகத்தில் காலையிலிருந்து மாலைவரை பல்லேடியம்தான். குச்சியை லென்ஸின் கீழே வைத்தாள். வெள்ளைப் பூச்சில் கீறல்கள். கீறல்களுக்குள் கறுப்புத் துகள். சோதிக்க அனுப்பிய இடத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. பல்லேடியம்தான்.

உலோகமே வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்ன வினையை இத்தனை வருடமும் அந்த உலோகமேதான் ஒளிந்திருந்து நடத்தியிருக்கிறது. நானூறு பேர் எடுத்து எழுதியிருக்கிறார்களே என்று அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். அநேகமாக எல்லாமே முன்னுரையில் ஒரு வரி: ‘உலோகம் இல்லாமலும் இது நடக்கும் என அண்மையில் காட்டப்பட்டுள்ளது.’ அந்த ஒரு வரியை ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருந்தார்கள். செய்து பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். செய்து பார்த்து வராமல் போனவர்கள், இஜாஸைப் போலத் தங்கள் கையைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள்.

பிரின்சி உடனே எதுவும் செய்துவிடவில்லை. டப்பாவை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ஸ்நேகாவிடம், “இத விட்டுடு, வேற ஒண்ணு பாக்கலாம்” என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். காலையில் கைப்பேசியில் எண்ணைப் பார்க்கும் பழக்கம் நின்றுபோனது. கல்லூரிக்குள் போகும்போது பேனரைப் பார்க்காமல் இருக்க, வண்டியின் பின்னால் தலையைக் குனிந்துகொள்வாள். வெயிலில் பேனர் வெளுத்துக்கொண்டே வந்தது. முகம் மட்டும் இன்னும் அடையாளம் தெரிந்தது.

அந்த மாதம் ஒரு ஞாயிறு, காலனி சபையில் போதகர் அவள் பெயரைச் சொல்லி முன்னால் அழைத்தார். “நம்ம எபினேசர் ஐயா மகள இன்னைக்கு உலகமே திரும்பிப் பாக்குது” என்று சொல்லி அவளுக்காக நன்றி ஜெபம் பண்ணினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல் வரிசையில் எபினேசர், உலையில் வெந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரின்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஜெபம் முடிந்து கைகுலுக்க வந்த பெண்கள் எல்லாரும் அவள் கை ஜில்லென்று இருப்பதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெரால்ட் கேட்டான். “இன்னா ஆச்சு உனக்கு? ரெண்டு மாசமா நானும் பாத்துக்கினுதான் கீறேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். குச்சியை, கீறலை, கழிவுநீர் பிளான்ட்டை, போனில் சொன்ன ஒரு வார்த்தையை. ஜெரால்டுக்கு வேதியியல் புரியவில்லை. மற்றது புரிந்தது.

“குச்சி மேட்டரு உனக்குத் தெரியாம நடந்துச்சு. அது வேற. அந்தப் பையன அவசரக்காரன்னு சொன்னியே, அது தெரிஞ்சுதானே சொன்ன?”

அவன் அடுத்த வாரமே அவளைப் பழவேற்காட்டில் இஜாஸ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசல்வரை வந்துவிட்டு, “நீ போய் பேசு. நான் இங்கதான் நிக்கிறேன்” என்று பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டான்.

இஜாஸின் தாய் மரியம் பீவி கதவைத் திறந்தவுடன் யாரென்று கண்டுகொண்டாள். “வாங்கம்மா, வாங்க! இவன் உங்கள பத்திதான் ஊடு பூரா பேசிக்கினு இருப்பான். பேனர் போட்டோ கூட காமிச்சானே!” வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் தட்டு வைத்தாள். சோறு, மீன் குழம்பு, இறால் வறுவல். பிரின்சி உட்கார்ந்தாள். எதிரில் இஜாஸ் உட்கார்ந்தான். மரியம் பீவி உள்ளே போன நேரம் பார்த்துப் பிரின்சி சொல்லிவிட்டாள்.

“இஜாஸ், அது உன் கை தப்பு இல்ல. வினையே தப்பு. நம்ம லேப்ல இருந்த பழைய காந்தக் குச்சில பல்லேடியம் ஒட்டிக்கினு இருந்திருக்கு. அதான் அங்க வந்துச்சு, உங்க கம்பெனில வரல.”

வேதியியல் படித்தவன், ஒருமுறை சொன்னதிலேயே முழுக்க விளங்கியிருக்கும். ஆனால் அவன் கேட்டது வேறு.

“மேடம், நீங்க சார்கிட்ட நான் அவசரக்காரன்னு சொன்னீங்களா?”

பிரின்சியின் கை சோற்றில் நின்றது.

“சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, உங்க மேடமே சொல்லிட்டாங்கன்னு. நான் நம்பல. எங்க மேடம் அப்படி சொல்லியிருக்கவே மாட்டாங்கன்னு அவர்கூட சண்ட போட்டேன். அந்தக் கோவத்துலதான் என்ன பிளான்ட்டுக்குத் தள்ளுனாரு.”

“சொன்னேன்” என்றாள் பிரின்சி. “நீ அப்படி இல்லன்னு தெரிஞ்சே சொன்னேன்.”

மரியம் பீவி குழம்புச் சட்டியோடு வந்தாள். “இன்னாம்மா, எறா தொடவே இல்ல? காரம் ஜாஸ்தியா?” என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். பிரின்சி அதைத் தின்றாள். தட்டில் மிச்சம் வைத்தால் அந்த அம்மா மனம் நோகும் என்று கடைசிவரை தின்றாள். இஜாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “எங்கிட்ட சொல்லி இன்னா மேடம் ஆவப்போகுது? சார்கிட்ட சொல்லுங்க.”

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாளே சந்திரமோகனைப் போய்ப் பார்த்தாள். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். “இது எழுத்துல வருமா மேடம்?” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னாள். “சரி. பையன் மேல தப்பு இல்லன்னு நான் பதிஞ்சு வைக்கிறேன். ஆனா அவன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு. உடனே ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதை அவளுக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

முதல்வர் வெங்கடேசனுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அடுத்த மாசம் காலேஜுக்குத் தரம் போட கமிட்டி வருதும்மா! நம்ம காலேஜ் மேற்கோள்ல பாதி உங்க ஒரு பேப்பர்தான். ஒரு வருஷம் கழிச்சு எழுதக் கூடாதா? யார் கேட்டாங்க உங்கள?”

“அனுப்பிட்டேன் சார்.”

“உங்க ப்ரொமோஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அந்த ஃபைல் அப்புறம் அவர் மேஜையை விட்டு நகரவே இல்லை. பேனரைக் கழற்றிவிட்டு அதே கம்பத்தில் அட்மிஷன் விளம்பரம் கட்டினார்கள். சக ஆசிரியர்களில் சிலர் அவளைத் தைரியசாலி என்றார்கள். சிலர், அவள் முதலிலிருந்தே தெரிந்துதான் செய்திருப்பாள், மாட்டிக்கொள்ளும் முன் முந்திக்கொண்டாள் என்றார்கள். இரண்டு பேச்சும் அவளுக்கு ஒரே மாதிரிதான் சுட்டது. எபினேசருக்கு அவள் தன் வாயாலேயே சொன்னாள். கிழவர், “அப்போ போதகருகிட்ட சொல்லணுமா?” என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று அவர் ஆசைப்படுவது குரலிலேயே தெரிந்தது. அவள் போதகரிடம் போய்ச் சொன்னாள். போதகர் தலையாட்டிக்கொண்டார்; அடுத்த ஞாயிறு அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலனியில் இன்றுவரை பாதிப்பேருக்கு அவள் உலகப் புகழ் பெற்றவள்தான்.

இதழ்க்காரர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கட்டுரையின் குறுக்கே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று சிவப்பில் அச்சடித்தார்கள். இஜாஸ் அதற்குள் ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தச் செய்தியை அவன் சொல்லவில்லை. வேறொரு மாணவன் சொல்லித்தான் தெரிந்தது. சிவப்பு எழுத்து போட்ட பக்கத்தை அவனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

ஸ்நேகாவிடமும் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் வந்து, “அப்போ குச்சியையே ஆராயலாமே மேடம்” என்றாள். பழைய காந்தக் குச்சிகள் எவ்வளவு உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன, அவை எந்தெந்த வினையில் புகுந்து ஏமாற்றுகின்றன என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பிரின்சி தன் வாழ்க்கையில் எழுதியவற்றில் மிகக் கவனமான கட்டுரை அது. அதற்கு இதுவரை மூன்று மேற்கோள். அதில் ஒன்று அவளே எழுதியது.

பழைய கட்டுரையோ நிற்கவில்லை. சிவப்பு எழுத்து விழுந்த பிறகும் அதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. முன்பு எழுதியவரைப் பார்த்து அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போகிறார்கள். முன்பெல்லாம் எண் ஏறாத நாளில் மனம் வாடும். இப்போது ஏறுகிற ஒவ்வொரு எண்ணுக்கும், யாரோ தெரியாத ஒருவர் நடுவீதியில் நின்று அவள் பெயரை உரக்கக் கூப்பிடுவது போல முகம் சூடாகிறது. எழுதியவர்களின் முகவரி தேடி, ‘அது தவறு, திரும்பப் பெற்றாயிற்று, தயவுசெய்து நீக்கிவிடுங்கள்’ என்று ஒவ்வொருவருக்கும் எழுதுகிறாள். பெரும்பாலும் பதில் வருவதில்லை.

போன மாதம் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவியின் மின்னஞ்சல் வந்தது. உங்கள் முறை எங்கள் ஆய்வகத்தில் மிக அருமையாக வருகிறது, நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கிறது, உங்களை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். பிரின்சி அதைத் துறை அறையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தது. இந்த ஒரு வெற்றியை நம்பி அவள் என்னென்ன கணக்குப் போட்டிருப்பாளோ.

பதில் எழுத உட்கார்ந்தவள் முதலில் நீளமாக எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘புதிதாக ஒரு காந்தக் குச்சி வாங்கிப் போட்டுத் திரும்பச் செய்து பாருங்கள். வராது. வராதபோது உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், தவறு என்னுடையது’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.